ஐ ஆம் ஹேவிங் எ டவுட் சார்!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். மூன்றாம் ஆண்டு. ஆங்கில இலக்கியம் இல்லை, தமிழ் இலக்கியமும் இல்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே இலக்கணம் 'உள்ளே வருவதைப் பற்று செய், வெளியே செல்வதை வரவு செய்' என்பதுதான். இப்படிப்பட்டவன் இங்கிலீஷ் கிராமரைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதக் கிளம்பிவிட்டானே என்று ஆங்கிலத் துறை மக்கள் கோபப்பட வேண்டாம். கோபம் வந்தால் பின்னூட்டத்தில் திட்டிவிட்டுப் போங்கள், வாங்கிக்கொள்கிறேன் :-)

இன்னொன்று. ஆங்கில வாக்கியங்களையெல்லாம் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். பஸ் ஸ்டாண்டில் 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று புத்தகம் விற்பார்களே, அந்த மாதிரி. எங்கள் பக்கம் பாதிப் பேர் ஆங்கிலத்தை முதன்முதலில் சந்தித்தது அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு வேலைவாய்ப்பு முகாம். என் வகுப்பு நண்பன் ஒருவனும் நானும் போயிருந்தோம். அவன் ஊர் மயிலம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் மணிலா பயிர் (வெளியூர்க்காரர்களுக்காக: மணிலா என்றால் வேர்க்கடலை). காஸ்ட் அக்கவுண்டிங்கில் அவன் போடும் கணக்கைப் பார்த்துத்தான் பாதி வகுப்பு பாஸ் பண்ணுகிறது, நான் உட்பட. நேர்முகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'டெல் அஸ் அபவுட் யுவர் ஃபேமிலி' என்றார் ஒருவர். இவன் சொன்னான்: 'மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர் சார். ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.'

அவ்வளவுதான். 'ஆர் யூ ஹேவிங் தெம் ஃபார் லஞ்ச் ஆர் டின்னர்?' என்று கேட்டாராம் அந்த ஆள். பக்கத்து நாற்காலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாம். இவனுக்கு ஜோக் புரியவில்லை. மரியாதையாக, 'நோ சார், தே ஆர் இன் ஹவுஸ்' என்றிருக்கிறான். மறுபடியும் சிரிப்பு. கணக்கு பற்றி ஒரு கேள்வி இல்லை. 'யூ மே கோ.'

திரும்பி வரும்போது பாசஞ்சரில் விக்கிரவாண்டி வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை. பேரணி தாண்டும்போது கேட்டான்:

"நான் இன்னாடா தப்பா சொன்னேன்?"

"ஹேவ்கூட இங் வராதுடா. ஸ்டேட்டிவ் வெர்ப்."

"அப்படின்னா?"

"இங் போடக்கூடாத வெர்ப்."

"ஏன் போடக்கூடாது?"

"ஸ்டேட்டிவ் வெர்ப்ங்கறதாலதான்."

மயிலம் ஸ்டேஷனில் அவன் இறங்கிப் போய்விட்டான். திண்டிவனம் வரைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. நான் சொன்னது பதிலா அது? 'ஏன் கடன் வாங்கினாய்?' 'கடன்காரன் என்பதால்' என்கிற மாதிரி. பன்னிரண்டு வருடப் பள்ளியும் இரண்டரை வருடக் கல்லூரியும் எனக்குக் கொடுத்தது அந்த வட்டத்தைத்தான்.

அதிலிருந்து ஒரு மாதமாக இதையே நோண்டிக்கொண்டிருக்கிறேன். நோண்டியதில் எனக்கு வந்து சேர்ந்த முடிவு: என் நண்பனின் வாயில் அந்த 'ஹேவிங்'கை வைத்தது அவன் முட்டாள்தனம் இல்லை. நமக்கு ஆறாம் வகுப்பிலிருந்து கரும்பலகையில் எழுதிப் போட்ட பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணை. அதைத்தான் இன்றைக்குத் திட்டப் போகிறேன்.

அதற்கு முன்னால் அந்தச் சிரித்த மகானுக்கு ஒரு வார்த்தை. ஐயா, நீங்கள் காக்கும் அந்த ஆங்கிலம் ஒரே இடத்தில் நின்றதே இல்லை. 1600 வாக்கில் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில், கையில் புத்தகத்தோடு வரும் ஹாம்லெட்டிடம் என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்கிறார். இன்றைக்கு அந்தக் கேள்வியை இங் இல்லாமல் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஷேக்ஸ்பியர் அங்கே போட்டிருப்பது சிம்பிள் பிரசண்ட். அப்போது அதுவே போதுமாக இருந்தது. 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்று இன்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் எழுதுகிறதே, அந்த அமைப்பு வந்து பரவியபோது படித்தவர்கள் அதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிற மாதிரிப் பார்த்தார்கள். அதற்கு முன் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதுவார்கள். ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் என்ற அமெரிக்கர் 1870-ல் வந்த தன் 'வேர்ட்ஸ் அண்ட் தேர் யூசஸ்' புத்தகத்தில் இந்த 'இஸ் பீயிங்'குக்கு எதிராகவே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் இந்த இங் வடிவம் ஆங்கிலத்தில் கூடிக்கொண்டே வந்திருப்பதை ஜெஃப்ரி லீச், கிறிஸ்டியன் மெய்ர் போன்ற மொழியியலாளர்கள் லட்சக்கணக்கான சொற்களை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

2003-ல் மெக்டொனால்ட்ஸ் 'ஐ ஆம் லவிங் இட்' என்று உலகம் முழுக்க போர்டு வைத்தது. லவ், அட்டவணைப்படி இங் போடக்கூடாத வினை. யாராவது அந்தக் கம்பெனியை 'யூ மே கோ' என்றார்களா? அயர்லாந்திலும் வேல்ஸிலும் இந்த மாதிரி வினைகளுக்கு இங் போட்டுப் பேசும் வழக்கம் உண்டு. அதை அவர்களுடைய பழைய மொழியின் தாக்கம் என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள். மயிலத்துக்காரன் சொன்னால் மட்டும் அது லஞ்ச் ஜோக்.

நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. நிசிம் எசக்கியேல் என்ற பம்பாய்க் கவிஞர், மிஸ் புஷ்பா டி.எஸ். என்ற பெண்ணுக்கு நடக்கும் பிரிவு உபசார விழாவைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஒருவர் மைக் பிடித்துப் பேசுவதுதான் கவிதை, பேச்சு முழுக்க இங், இங், இங். பல பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்த கவிதை. எங்கள் வகுப்பிலும் ஒருநாள் படித்துக் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மணி அடித்ததும் ஒருத்தி எழுந்து, 'மேம், ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்றாள். மேம் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை. யாருக்கும் உறைக்கவே இல்லை!

நிற்க. இப்போது அட்டவணை.

உங்களுக்கும் இது மனப்பாடமாக இருக்கும். முதல் கட்டம், சிம்பிள் பிரசண்ட்: 'ஐ ஈட்', நான் சாப்பிடுகிறேன். இரண்டாவது கட்டம், பிரசண்ட் கன்டினியூவஸ்: 'ஐ ஆம் ஈட்டிங்', நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பிறகு ஒரு குறிப்பு: 'எவ்ரி டே' வந்தால் முதல் கட்டம், 'நவ்' வந்தால் இரண்டாம் கட்டம். முடிந்தது பாடம்.

இதில் முதல் கட்டத்தின் தமிழே தப்பு. நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டில் சோதித்துப் பாருங்கள். சாப்பிடும்போது யாராவது போன் பண்ணி 'என்ன பண்ற?' என்றால் என்ன சொல்வீர்கள்? 'சாப்பிடுறேன்' என்றுதானே? அதாவது 'ஐ ஆம் ஈட்டிங்'. இப்போது, 'நீ காலையில என்ன சாப்பிடுவ?' என்று கேட்டால்? 'இட்லி சாப்பிடுவேன்.' அதாவது 'ஐ ஈட் இட்லி'. நாம் வழக்கத்தைச் சொல்ல எடுப்பது பெரும்பாலும் 'சாப்பிடுவேன்'தான், 'சாப்பிடுகிறேன்' இல்லை. ('தினமும் இட்லிதான் சாப்பிடுறேன்' என்றும் சொல்லலாம்தான். அதில் ஒரு அலுப்பு தட்டுகிறதா இல்லையா?)

வீட்டுக்கு வந்தவரிடம் 'காபி குடிப்பீங்களா?' என்று கேட்டால் அவருக்குக் காபிப் பழக்கம் உண்டா என்று கேட்கிறோம். 'காபி குடிக்கிறீங்களா?' என்றால் அடுப்பில் பால் வைக்கத் தயாராகிவிட்டோம். 'நாய் குரைக்கும்' என்றால் நாயின் குணம். 'நாய் குரைக்குது' என்றால் வாசலில் யாரோ நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டாக்ஸ் பார்க்', 'தி டாக் இஸ் பார்க்கிங்' இரண்டுக்கும் என்ன தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரம். அப்படியானால் 'ஐ ஈட்' என்பதற்கு நேர் தமிழ், அட்டவணை எதிர்காலம் என்று ஒதுக்கி வைத்த 'உம்', 'வேன்' வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் 'வில்', 'ஷல்' கட்டத்தில் பூட்டிவிட்டார்கள்.

இதனால் இரண்டு பக்கமும் அடி. 'போகிறாய்' என்றால் சிம்பிள் பிரசண்ட் என்று படித்தவன், எதிரில் வருகிறவரிடம் 'எங்க போற?' என்பதை 'வேர் டூ யூ கோ?' என்று கேட்கிறான். அதே ஆள், இருப்பது எல்லாம் இப்போது இருப்பதுதானே என்று நினைத்து 'எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு' என்பதை 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' ஆக்குகிறான். 'புரியுது சார்' என்பது 'ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங் சார்' ஆகிறது.

இப்போது கவனியுங்கள், இது நானே கண்டுபிடித்தது (காலர் தூக்கிக்கொள்கிறேன்). எங்கள் வகுப்பில் அறுபது பேர். 'ஐ ஆம் ஹேவிங்' தினமும் பத்து முறை காதில் விழும். 'ஐ ஆம் நோயிங்' என்று யாராவது சொல்லி இரண்டரை வருடத்தில் நான் கேட்டதில்லை. ஏன்? இரண்டுமே ஸ்டேட்டிவ் வெர்ப்தானே? தமிழைப் பாருங்கள்: 'எனக்குத் தெரியும்.' உம்! 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வேணும்', 'என்னால முடியும்', 'இது போதும்'. எல்லாம் உம். ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட் என்று இங் பிடிக்காத கூட்டம் எது எதுவோ, தமிழில் அதில் பெரும்பகுதி இந்த உம் கூட்டம். எவனும் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல மாட்டான். தமிழும் ஆங்கிலமும் எங்கே ஒத்துப்போகின்றனவோ அங்கே நாம் தப்பே செய்வதில்லை. 'இருக்கு', 'புரியுது', 'வெச்சிருக்கேன்' என்று தமிழ் நிகழ்காலத்துக்குப் போகும் இடத்தில் மட்டும் வழுக்குகிறோம். ஆக, தப்பு கண்டபடி சிதறவில்லை. மிக ஒழுங்காக, ஒரே கோட்டில் விழுகிறது. அந்தக் கோட்டைக் காட்டிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். யாரும் காட்டவில்லை, பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. 1930-களில் முதலில் வந்த புத்தகம் இன்னும் நம் நூலகங்களில் நைந்து கிழிந்து நிற்கிறது. பட்டியலில் தவறில்லை. பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பினதுதான் தவறு.

இதில் எனக்குப் பெரிய அவமானம் எது தெரியுமா? இந்த 'உம்' சமாச்சாரத்தை நமக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள், நாம் கட் அடித்த தமிழ் வகுப்பில். மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் சொல்ல 'செய்யும்' என்ற வாய்பாட்டு வினையைப் போட வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதி உண்டு. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'மலை நிற்கும்'. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். ஆகவே 'நிற்கும்'. இதைத்தான் ஆங்கில வகுப்பில் 'யுனிவர்சல் ட்ரூத்' என்று சொல்லி, 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்று முப்பது தரம் எழுத வைத்தார்கள். முதல் பீரியட் தமிழய்யா வகுப்பிலும் இரண்டாம் பீரியட் இங்கிலீஷ் மேம் வகுப்பிலும் ஒரே விஷயம் நடக்கிறது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறை. ஒருநாளும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்று பாடத்திட்டத்திலேயே சுவர் எழுப்பியாயிற்று.

இன்னும் இருக்கிறது. நன்னூல் எண்ணூறு வருடத்துப் பழசு. அதில் பவணந்தியார் நிகழ்காலத்துக்கு மூன்று இடைநிலை சொல்கிறார்: ஆநின்று, கின்று, கிறு. அந்த முதல் ஆளைப் பாருங்கள். 'உண்ணாநின்றான்.' உள்ளே 'நின்று' நிற்கிறது! உண்டு முடிக்கவில்லை, அந்தச் செயலில் நின்றுகொண்டிருக்கிறான். கன்டினியூவஸ்தானே சாமி இது? கின்று, கிறு இரண்டையும் சங்கப் பாட்டில் தேடினால் கிடைப்பதே அரிது. பின்னால் வந்து இடம் பிடித்தவை. ஆக, மொழி தன் தேவைக்குத் தகுந்த மாதிரி புதிதாக வடிவம் செய்துகொள்கிறது. ஆங்கிலம் 'இங்'கைப் பெருக்கிக்கொண்டது போல.

அதே நன்னூல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணத்துக்காகக் காலம் மாறி வரலாம் என்கிறது. கால வழுவமைதி. குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார் என்கிற மாதிரி வாக்கியம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நாளை என்றால் 'வருவார்' என்று இருக்க வேண்டும். வருவது உறுதி என்பதால் 'வருகிறார்'. ஆங்கிலத்தில் அப்படியே 'இஸ் விசிட்டிங் டுமாரோ'. 'சாப்பிட வாடா' என்று அம்மா கூப்பிட்டால் படுக்கையிலிருந்தே 'தோ வந்துட்டேன்' என்கிறோமே, அது விரைவு. நம் பழைய இலக்கணக்காரர்கள், ஜனங்கள் இப்படிப் பேசுகிறார்களே என்று கவனித்து, காரணம் கேட்டு, விதிக்குள் இடம் போட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு மையால் சுழிக்கவில்லை.

காலம் என்பது கடிகாரம் மட்டும் இல்லை, பேசுகிறவன் அதை எப்படிப் பார்க்கிறான் என்பதும் சேர்ந்தது. அட்டவணை மறைப்பது இதைத்தான். எனக்கு இது புரிந்தது கணக்குப் பதிவியல் வழியாக.

ஒரு மேசை நாற்காலிப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 ராத்திரி கணக்கு முடிக்கிறார்கள். செய்து முடித்த மேசைகள் ஒரு தலைப்பில். கால் மட்டும் பொருத்தி, பலகை இன்னும் ஏறாத மேசைகள் 'வொர்க் இன் ப்ராக்ரஸ்' தலைப்பில். 'ஐ ரெட் எ நாவல் லாஸ்ட் நைட்' என்றால் முடித்த மேசை, கடைசிப் பக்கம் வரை போய்விட்டான். 'ஐ வாஸ் ரீடிங் எ நாவல் லாஸ்ட் நைட்' என்றால் கால் பொருத்திய மேசை, நடுவில் தூங்கியிருப்பான். ராத்திரி அதே ராத்திரி. வித்தியாசம், செயலை மொத்தமாக வெளியிலிருந்து பார்க்கிறோமா, உள்ளே நுழைந்து நடுவிலிருந்து பார்க்கிறோமா என்பது.

அதனால்தான் சில வினைகளுக்கு இங் ஒட்டுவதில்லை. நிலத்துக்குத் தேய்மானம் போடுவதில்லையே, ஏன்? அது தேய்வதில்லை. இரண்டு தங்கைகள் இருப்பதும் அப்படித்தான். அதற்கு ஆரம்பம், நடு, முடிவு என்று கிடையாது. 'எண்பது சதவீதம் தங்கை இருந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் கணக்கு எழுத முடியாது. ஆனால் மதிய சாப்பாட்டுக்கு நடு உண்டு, ரசம் வரைக்கும் வந்திருக்கலாம். ஆகவே 'ஹேவிங் லஞ்ச்' வரும், 'ஹேவிங் சிஸ்டர்ஸ்' வராது. என் நண்பனுக்கு ரயிலில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். இரண்டே நிமிடம்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எல்லா இடத்திலும் கண்ணில் படுகிறது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான மணிலா ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், எங்கள் ஊரின் பெயர்தான் அது. டி.எம்.வி. 2 நன்றாகக் காய்க்கும் ரகம் என்றால் 'இட் யீல்ட்ஸ் வெல்'. இந்தப் பட்டத்தில் நம் கொல்லையில் நன்றாகக் காய்க்கிறது என்றால் 'இட் இஸ் யீல்டிங் வெல்'. ரகத்தின் குணம் ஒன்று, இந்த வருடத்து அதிர்ஷ்டம் ஒன்று. விழுப்புரம் ஜங்ஷனில் கால அட்டவணையைப் பார்த்தால் ரயில் 'லீவ்ஸ்'. ஒலிபெருக்கியில் அதே ரயில் 'இஸ் ரன்னிங் லேட்'. (இதில் எது உண்மை என்பது எங்களுக்குத் தெரியும்.) கிரிக்கெட் வர்ணனையில் 'பும்ரா பௌல்ஸ்' என்பார்கள், கண்ணெதிரே இப்போது நடந்தாலும், பந்து போட்ட வேகத்தில் முடிந்துவிடுகிறதே, நடு எங்கே இருக்கிறது? ஓவர் முடிவில் மூச்சு விட நேரம் கிடைத்தால் 'ஹீ இஸ் பௌலிங் வெல் டுடே'. 'நவ் வந்தால் இங்' என்ற விதியை வைத்துக்கொண்டு ஒரு ஓவரைக்கூட வர்ணிக்க முடியாது.

நேர்முகத்தில் 'வேர் டூ யூ கம் ஃப்ரம்?' என்று கேட்டால் சொந்த ஊரைக் கேட்கிறார்கள். 'ஐ கம் ஃப்ரம் திண்டிவனம்.' 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் திண்டிவனம்' என்றால் இன்றைக்குக் காலையில் வண்டி ஏறிய இடம். தமிழில் இரண்டுக்கும் 'திண்டிவனத்துலேர்ந்து வர்றேன்' போதும், கேட்பவர் புரிந்துகொள்வார். 'ஹீ இஸ் ஃபூலிஷ்' என்றால் ஆள் அப்படி. 'ஹீ இஸ் பீயிங் ஃபூலிஷ்' என்றால் இன்றைக்கு மட்டும் அப்படி நடந்துகொள்கிறான், நாளைக்குச் சரியாகிவிடலாம். ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஒரு இங் எவ்வளவு பெரிய கருணை! எரிச்சலுக்கும் இதே இங்தான். 'யூ ஆர் ஆல்வேஸ் லுக்கிங் அட் யுவர் போன்.' எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. 'எப்ப பாரு செல்ல நோண்டிக்கினே இருக்கியே' என்பார். அந்த 'க்கினே இருக்கியே'வில் இருக்கும் சூடு அப்படியே அந்த இங்கில் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த இலக்கணம் அட்டவணைக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு கட்சி கை தூக்கும், தெரியும். 'இதெல்லாம் எதற்கு? இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஐ ஆம் ஹேவிங் சரிதான், காலனிய மனநிலையை விடு.' பிரஜ் கச்ரு என்ற காஷ்மீரத்து மொழியியலாளர் 1985-லேயே ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்து, இந்தியா போன்ற நாடுகளின் ஆங்கிலத்துக்கும் சொந்த நெறி உண்டு என்று வாதாடியிருக்கிறார். படித்தேன், சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் இதை என்னிடம் சொன்னவர்கள் எல்லோருமே வேலை கிடைத்தவர்கள். அவர்கள் 'ஐ ஹேவ்' என்றும் சொல்வார்கள், ஜாலிக்கு 'ஐ ஆம் ஹேவிங்' என்றும் சொல்வார்கள். இரண்டும் கையில் இருந்தால்தான் அதற்குத் தேர்வு என்று பெயர். என் நண்பன் கையில் ஒன்றுதான் இருந்தது. அவனிடம் போய் 'நீ சொன்னது ஒரு தனி வழக்கு, பெருமைப்படு' என்றால், அந்தப் பெருமையை வைத்து அவன் தங்கைகளுக்கு ஃபீஸ் கட்ட முடியாது. சிரித்தவர்களும் தட்டிக்கொடுத்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்று: இரண்டு பேருமே அவனுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனிப் பதிவு ஆகும். நான் பத்தாவது லீவில் ஒன்றில் சேர்ந்தேன். ஒரு மாதம். முதல் நாள் சுவரில் ஒட்டியிருந்தது என்ன தெரியுமா? அதே பன்னிரண்டு கட்டம், இந்த முறை கலரில்.

எனக்கு வேண்டியது பெரிய சீர்திருத்தம் எல்லாம் இல்லை. அந்த முதல் கட்டத்தில் 'நான் சாப்பிடுகிறேன்' என்பதை அடித்துவிட்டு 'நான் சாப்பிடுவேன் (வழக்கமாக)' என்று எழுதுங்கள். இரண்டாம் கட்டத்தில் 'சாப்பிடுறேன்', 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' இரண்டையும் போடுங்கள். 'தெரியும், பிடிக்கும், வேண்டும்' கூட்டத்தைக் காட்டி, 'இருக்கு, புரியுது' இரண்டையும் மட்டும் தனியாக எச்சரியுங்கள். ஒரு சாக்பீஸ் செலவு. ஆறாம் வகுப்பில் இதைச் செய்தால் கல்லூரியில் வந்து பயிற்சி, முகாம், சான்றிதழ் என்று பின்னால் ஓட வேண்டாம்.

ஆங்கிலத் துறை நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். 'தமிழை வெச்சி இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கக் கூடாதுடா, இங்கிலீஷ்லயே யோசிக்கணும்' என்றான். சரி, யோசிக்கட்டும். ஆனால் அந்த அட்டவணையே தமிழை வைத்துத்தானே சொல்லிக்கொடுக்கிறது? தப்பான தமிழை வைத்து. தமிழ் வேண்டாம் என்றால் மொத்தமாக எடுங்கள், வைத்துக்கொள்வதென்றால் ஒழுங்கான தமிழாக வையுங்கள்.

என் நண்பனிடம் போன வாரம் பாசஞ்சரில் இதையெல்லாம் சொன்னேன், முண்டியம்பாக்கம் தொடங்கி மயிலம் வரை. மேசைக் கணக்கு அவனுக்கு உடனே பிடித்துப்போனது. 'அப்போ ஹேவ்ங்கறது ஃபிக்ஸட் அசெட், லஞ்ச் மட்டும் டபிள்யூ.ஐ.பி., அவ்ளோதானே?' என்றான். அவ்வளவுதான். நான் ஒரு மாதம் நோண்டியதை ஒரு வரியில் முடித்துவிட்டான், அதான் காஸ்ட் அக்கவுண்டிங் மூளை. பிறகு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, 'அந்தாளு இத தெரிஞ்சிக்கினா சிரிச்சான்?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நாளைக் காலை அவனுக்கு இன்னொரு நேர்முகம், இந்த முறை சென்னையில். ஒன்றாகப் போவதாகப் பேச்சு. அவன் மயிலத்திலிருந்து பஸ் பிடித்து திண்டிவனம் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும், ஆறு மணிக்கெல்லாம். 'கரெக்டா வந்துடுவியா?' என்று இப்போதுதான் மெசேஜ் போட்டேன். பதில் வந்திருக்கிறது:

'ஐ ஆல்வேஸ் கம் ஆன் டைம்.'

இலக்கணம் சுத்தம். ஆள் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை.

டிஸ்கி: 'டவுட்' என்பதற்குப் பதில் 'கொஸ்டின்' என்றுதான் சொல்ல வேண்டும், அதுவும் தப்பு என்று யாராவது சொல்ல வருவீர்கள். தெரியும். அது அடுத்த பதிவு.